படிக்கட்டும் தெருதான்

டடெல் தெரு

ஹாங்காங் தீவின் வடகரையில் இயற்கை தந்த சமநிலம் மிகக் குறைவு. 552 மீட்டர் உயரமுள்ள விக்டோரியா சிகரம் அப்படியே கடலை நோக்கிச் சரிகிறது. 1841-ல் பிரிட்டிஷ்காரர்கள் வந்து கொடியேற்றியபோது கரையோரமாக ஒரு சாலை போடத்தான் இடம் இருந்தது. குவீன்ஸ் ரோடு அப்படி வந்தது. இன்று அந்தச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே நிற்கும் வங்கிக் கோபுரங்கள் கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் நிற்பவை. தூர்க்கத் தூர்க்க ஊரும் பெருகிக்கொண்டே போனது. பெருகிய ஊர் மலைமேல் ஏறியது. வண்டிச் சாலைகள் சரிவை ஒட்டிக் கிழக்கு மேற்காகப் போயின: குவீன்ஸ் ரோட்டுக்கு மேலே ஹாலிவுட் ரோடு, அதற்கும் மேலே கெய்ன் ரோடு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேராக ஏறும் வேலை படிக்கட்டுகளுக்கு வந்தது. வண்டிச் சாலைகளை மட்டும் காட்டும் வரைபடத்தை வைத்துக்கொண்டு நடந்தால் இந்த ஊரில் பாதியைப் பார்க்காமலே திரும்ப நேரிடும்.

இந்தப் படிக்கட்டுகளைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. பொறியியல் துறையினருக்கும் கட்டட நிறுவனங்களுக்கும் இவை ஒரு குறை. வசதி வந்ததும் மாற்றிவிட வேண்டிய பழைய ஏற்பாடு. சுற்றுலாத் துறைக்கு இவை அழகான பின்னணி. இரண்டு பேச்சிலுமே ஒரு முக்கியமான செய்தி விடுபடுகிறது. இவை தெருக்கள். இவற்றுக்குப் பெயர் உண்டு, கதவு எண் உண்டு, இருபுறமும் கடை உண்டு, கோயில் உண்டு, தபால்காரர் வருகிறார். வண்டி மட்டும் வராது. அந்த ஒரு காரணத்தாலேயே மற்றத் தெருக்கள் இழந்துவிட்ட பலவற்றை இவை வைத்திருக்கின்றன. ஆகவே ஏற முடியாதவர்களுக்கு வழி செய்கிறோம் என்ற பெயரில் படிக்கட்டை எந்திரமாக மாற்றும் ஊர், ஒரு வசதியைச் சேர்க்கும்போதே ஒரு தெருவை இழக்கிறது. இந்த வாதம் சரியா என்று பார்ப்பதற்கு, வணிக மையமான சென்ட்ரலில் தொடங்கி மேற்கே சாய் யிங் புன் வரை நடப்பதைவிட நல்ல வழி இல்லை.

டடெல் தெருவின் முடிவில் இருக்கும் கருங்கல் படிகள் 1875-க்கும் 1889-க்கும் இடையில் கட்டப்பட்டவை. மேலும் கீழுமாக நான்கு விளக்குத் தூண்கள். அவற்றில் இன்றும் மாலையானால் எரிவது கேஸ். தெருவில் எரியும் கேஸ் விளக்குகள் ஹாங்காங்கில் இவை மட்டுமே. 1979-ல் படியையும் விளக்கையும் சேர்த்துப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். 2018 செப்டம்பரில் வந்த மாங்குட் புயலில் மரம் விழுந்து படிகளும் விளக்குகளும் உடைந்தபோது, உடைந்ததை எடுத்துச் செப்பனிட்டு மறுபடி ஏற்றினார்கள். அரசு மனம் வைத்தால் ஒரு படிக்கட்டை எவ்வளவு அக்கறையாகக் காப்பாற்றும் என்பதற்கு இது சான்று. ஆனால் இங்கே கடை இல்லை, உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் இல்லை. கல்யாணப் படம் எடுப்பவர்கள் வருகிறார்கள், அலுவலகம் போகிறவர்கள் குறுக்கு வழியாகக் கடக்கிறார்கள். கல் காப்பாற்றப்பட்டிருக்கிறது, தெரு என்று சொல்ல இன்னும் கொஞ்சம் மேற்கே போக வேண்டும்.

பாட்டிஞ்சர் தெரு

முதல் கவர்னர் ஹென்றி பாட்டிஞ்சரின் பெயரை 1858-ல் பெற்ற இந்தத் தெருவில், கால் வைக்கும் இடத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். பலகை பலகையாகச் செதுக்கிய கருங்கற்கள். ஒரு கல் சற்று உயர்ந்தும் அடுத்த கல் சற்றுத் தாழ்ந்தும் மாறி மாறிப் பதிக்கப்பட்டிருக்கின்றன. வேலை தெரியாதவர் போட்டதுபோல முதலில் தோன்றும். மழை நாளில் விளங்கிவிடும்: உயர்ந்த கல்லின் விளிம்பு பாதத்துக்குப் பிடி கொடுக்கிறது, தாழ்ந்த கல்லின் வழியாகத் தண்ணீர் இரண்டு ஓரத்துக்கும் பிரிந்து ஓடுகிறது. மே முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கும் ஊரில், சுமை தூக்கி இறங்குகிறவன் வழுக்காமல் இருக்க வேண்டும் என்று யோசித்த கல்தச்சர்களின் வேலை இது. நூற்றைம்பது ஆண்டுக் காலடியில் ஒவ்வொரு கல்லின் நடுவும் வழவழப்பாகிவிட்டது. ஓரங்களில் உளி கொத்திய புள்ளிகள் இன்னும் தெரிகின்றன.

இருபுறமும் பச்சை வண்ணம் பூசிய தகரப் பெட்டிக் கடைகள். சட்டைப் பொத்தான், ஜிப், ரிப்பன், ஊசி நூல், திருவிழா முகமூடி, நாடக உடுப்பு. சரிவில் நிற்கும் கடையானதால் ஒரு பக்கத்துக்கு முட்டுக் கொடுத்துத் தளத்தைச் சமன் செய்திருக்கிறார்கள். வாங்க வருகிறவர் கடைக்குக் கீழ்ப்பக்கம் நின்றால் பெட்டி நெஞ்சளவுக்கு வருகிறது, மேல்பக்கம் நின்றால் இடுப்பளவு. கிழவி ஒருத்தி நூறு பொத்தான்களுக்கு நடுவே ஒரே ஒரு பொத்தானுக்கு ஜோடி தேடிக் கொடுக்கிற வியாபாரம் இங்கே நடக்கிறது. சதுர அடிக்கு உலகிலேயே மிக அதிகம் வாடகை கேட்கும் வட்டாரங்களில் ஒன்று இது. சில நூறு அடி தள்ளி உலகப் புகழ்பெற்ற உடுப்புக் கம்பெனிகளின் கண்ணாடிக் கடைகள். அந்த வாடகையில் பொத்தான் விற்க முடியாது. படியில் விற்க முடிகிறது. இந்தத் தெருவைக் கார் கேட்கவில்லை, லாரி கேட்கவில்லை, பார்க்கிங் கேட்கவில்லை. ஆகவே சின்ன வியாபாரத்துக்கு அது மிஞ்சியது.

ஷெல்லி தெரு, எஸ்கலேட்டரின் ஓரம்

இங்கேதான் என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சான்று நிற்கிறது. அதைத் தவிர்த்துவிட்டுப் போவது நேர்மையாகாது. 1993 அக்டோபரில் திறக்கப்பட்ட சென்ட்ரல் மிட்-லெவல்ஸ் எஸ்கலேட்டர் ஏறக்குறைய 800 மீட்டர் நீளம். கீழிருந்து மேலாக 135 மீட்டர் உயரத்துக்கு ஆட்களை ஏற்றுகிறது. கூரை போட்டது, கட்டணம் இல்லை. தினமும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பயன்படுத்துகிறார்கள். கட்டும்போது எதிர்பார்த்ததைப் போலப் பல மடங்கு. வியர்வை இல்லாமல் வேலைக்குப் போகலாம், முழங்கால் தேய்ந்தவர்களும் வீட்டைவிட்டு வெளியே வரலாம். இதைக் கட்டியது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

ஆனால் எதற்காகக் கட்டினார்கள், என்ன கிடைத்தது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மலையின் நடுச்சரிவில் இருக்கும் மிட்-லெவல்ஸ் குடியிருப்புகளிலிருந்து இறங்கும் கார் நெரிசலைக் குறைப்பதே நோக்கம். மூன்று ஆண்டு கழித்து வந்த அரசுத் தணிக்கை அறிக்கை, செலவு திட்டமிட்டதைவிட மிகவும் ஏறிவிட்டது, போக்குவரத்தோ குறையவில்லை என்று சொன்னது. எஸ்கலேட்டர் ஓடும் விதத்தையும் கவனிக்க வேண்டும். காலை 6 மணி முதல் 10 மணி வரை அது இறங்கும். 10 மணிக்குத் திசை மாறி நள்ளிரவு வரை ஏறும். மேலே குடியிருந்து கீழே அலுவலகம் போகிறவருடைய நாளுக்கு ஏற்ற அட்டவணை அது. காலை ஒன்பது மணிக்குச் சந்தையில் கீரையும் மீனும் வாங்கிக்கொண்டு முதலாளி வீட்டுக்கு மேலே ஏறும் பிலிப்பினோ, இந்தோனேசிய வீட்டுப் பணிப்பெண்களுக்கு அது எதிர்த்திசை. அவர்கள் இரண்டு கைப்பையோடு பக்கத்துப் படியில் ஏறுகிறார்கள். எந்திரம் யாருடைய நேரத்தை நேரம் என்று எடுத்துக்கொள்கிறது என்பது அந்த நான்கு மணி நேரத்தில் தெரிந்துவிடும். படிக்கட்டுக்கு அப்படி ஒரு திசை கிடையாது.

இன்னொன்று, எஸ்கலேட்டரில் நிற்க முடியாது. காலை அசைக்காமல் நின்றாலும் அது கொண்டுபோய் விடுகிறது; இறங்கும் இடத்தில் நின்று ஒரு வார்த்தை பேசினால் பின்னால் வருகிறவர் மேலே மோதுவார். படிக்கட்டின் உயிர் அதன் லேண்டிங்கில் இருக்கிறது. பத்துப் பதினைந்து படிக்கு ஒருமுறை வரும் அந்தச் சிறு தளத்தில் மூச்சு வாங்க நிற்கிறோம், நிற்பதால் பார்க்கிறோம், பார்ப்பதால் பேசுகிறோம், பேசுகிற இடத்தில் ஒருவர் கடை போடுகிறார். எஸ்கலேட்டர் வந்த பிறகு அதன் இருமருங்கும் மது விடுதிகளும் வெளிநாட்டு உணவகங்களும் வரிசை கட்டின. ஹாலிவுட் ரோட்டுக்குத் தெற்கே இருந்த பழைய குடியிருப்புப் பகுதி ‘சோஹோ’ என்ற பெயரில் வேறு ஊராகவே மாறியது. வாடகை ஏறியது, முன்பிருந்த சில்லறைக் கடைகள் போயின. இதெல்லாம் எஸ்கலேட்டர் இல்லாவிட்டாலும் நடந்திருக்கும் என்று வாதிடலாம். சென்ட்ரலுக்கு இவ்வளவு பக்கத்தில் நிலம் சும்மா இருக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த மாற்றம் எஸ்கலேட்டர் போன பாதையை அச்சுப் பிசகாமல் பின்தொடர்ந்தது. ஐந்து தெரு தள்ளியிருந்த படிக்கட்டுகளுக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன.

எஸ்கலேட்டரை விட்டு இறங்கினால் பழைய ஊர் இன்னும் மூச்சு விடுகிறது. கிரஹாம் தெருச் சந்தை நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலானது; மறுகட்டுமானத்தில் ஒரு பகுதியை இழந்தும் சரிவில் காய்கறி, டோஃபு, உப்பிட்ட முட்டை எல்லாம் இன்னும் பரப்பி விற்கிறார்கள். கேஜ் தெருவில் 1952 முதல் இருக்கும் லான் ஃபோங் யுவென் கடையில், காலுறை போன்ற நீண்ட துணிப்பையில் திரும்பத் திரும்ப வடித்துப் பால் டீ போடுகிறார்கள். ஹாங்காங் பால் டீயின் அடித்தளம் இலங்கைத் தேயிலை. மலையகத் தமிழர்கள் மலைச்சரிவில் கொய்த இலை, இன்னொரு மலைச்சரிவில் கட்டிப்பாலோடு கலந்து கோப்பைக்கு வருகிறது. நம் ஊர் டீயைவிடத் துவர்ப்பு அதிகம், ஏலமும் இஞ்சியும் கிடையாது. ஏறி வந்த களைப்புக்கு அந்தத் துவர்ப்பே பொருத்தம்.

ஷெல்லி தெருவில் எஸ்கலேட்டரை ஒட்டியே ஜாமியா மசூதியின் வாசல் இருக்கிறது. ஹாங்காங்கின் முதல் மசூதி. இப்போதிருக்கும் கட்டடம் 1915-ல் எழுந்தது. இந்தியாவிலிருந்து கப்பலோடு வந்த முஸ்லிம் மாலுமிகளும் வணிகர்களும் சிப்பாய்களும் தொழுத இடம். இன்றைக்கு ரத்தினக்கல் வணிகத்தில் இருக்கும் காயல்பட்டினத்துக்காரர்கள் பெரும்பாலும் கடலுக்கு அந்தப் பக்கம், கவுலூனில் இருக்கிறார்கள். ஆனால் ஹாங்காங்கில் இந்திய முஸ்லிம்களின் கதை தொடங்குவது இந்தச் சரிவில். எஸ்கலேட்டரில் போகும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வாசலைச் சில நொடிகளில் கடந்துவிடுகிறார்கள்.

ஷிங் வோங் தெரு

ஹாலிவுட் ரோட்டில் மேற்கே திரும்புவதற்குள் பாக் ட்ஸ் லேனைப் பார்த்துவிட வேண்டும். கட்டடங்களின் முதுகுகளுக்கு நடுவே பல பக்கப் படிகளால் மட்டுமே அடையக்கூடிய ஒரு முற்றம். சிங் அரச வம்சத்தைக் கவிழ்க்கத் திட்டமிட்ட யுங் கு-வானும் தோழர்களும் 1892-ல் ஃபுரென் இலக்கியச் சங்கத்தை இங்கேதான் நடத்தினார்கள். 1901-ல் பக்கத்துக் கேஜ் தெருவில் சிங் அரசின் ஆட்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு பக்கம் ஆள் வந்தால் மறுபக்கம் இறங்கிப் போகலாம் என்கிற இடம், ரகசியமாகக் கூடுகிறவர்களுக்குத் தேவைப்பட்டது.

ஷிங் வோங் தெருவின் படிகள் ஏறும்போது இடப்பக்கம் பழைய போலீஸ் குடியிருப்பு. 1951-ல் கட்டியது, இப்போது வடிவமைப்பாளர்களின் கடைகள். அதற்கு முன் அந்த இடத்தில் சென்ட்ரல் பள்ளி இருந்தது. அந்தப் பள்ளியின் கருங்கல் படிகளும் தடுப்புச் சுவர்களும் இன்னும் நிற்கின்றன. மேலே போனால் வலப்பக்கம் விங் லீ தெரு. தெரு என்பதைவிட மலையில் வெட்டிய ஒரு திண்ணை என்று சொல்லலாம்: ஒரு பக்கம் டோங் லாவ் எனப்படும் ஐம்பதுகளின் நாலு மாடி அடுக்கு வீடுகள் வரிசையாக, எதிர்ப்பக்கம் கைப்பிடிச் சுவர். இங்கே அச்சுக்கோப்பவர்களின் சிறு அச்சகங்கள் இருந்தன. நகர்ப்புறப் புதுப்பிப்பு ஆணையம் இதன் பெரும்பகுதியை இடிக்கத் திட்டமிட்டிருந்தது. 2010-ல் இந்தத் தெருவில் படமாக்கப்பட்ட ‘எக்கோஸ் ஆஃப் தி ரெயின்போ’ பெர்லின் விழாவில் பரிசு வாங்க, மக்கள் குரல் எழுப்ப, ஆணையம் பின்வாங்கியது.

சினிமா காப்பாற்றியது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் 2010 வரை அதை விட்டுவைத்தது எது? உயரமாகக் கட்ட வேண்டுமென்றால் போதிய அகலத்தில் தெரு வேண்டும், தீயணைப்பு வண்டி வந்து நிற்க வழி வேண்டும். படிக்கட்டு முனையில் இருக்கும் மனைக்கு இரண்டும் கிடையாது. தனி மனையாக அதை வாங்கி முப்பது மாடி எழுப்ப முடியாது. சுற்றிலும் கோபுரங்கள் எழும்ப, விங் லீ தெரு தாழ்வாகவே நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தக் காவல் நிரந்தரமானதன்று. கீழ்ச் சாலையை ஒட்டிய மனைகளோடு சேர்த்து மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு இந்தத் தடை பொருட்டே இல்லை. பல படிக்கட்டுகள் இன்று கோபுரங்களின் பின்சுவருக்கும் குப்பை அறைக்கும் நடுவே, கதவே இல்லாத இரண்டு சுவர்களுக்கு இடையில் ஏறுகின்றன. படி இருக்கிறது, தெரு போய்விட்டது. எஸ்கலேட்டர் மட்டும்தான் எதிரி என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

லேடர் தெரு

குவீன்ஸ் ரோட்டிலிருந்து கெய்ன் ரோடு வரை, சுமார் 350 மீட்டர் நீளத்துக்கு, முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். காலனியின் முதல் பத்தாண்டிலேயே போட்ட வழி. கீழ்முனையில் அப்பர் லஸ்கர் ரோ, இந்திய மாலுமிகளான லஸ்கர்கள் தங்கியிருந்த சந்து. இப்போது பழம்பொருள் கடைகள். ஹாலிவுட் ரோட்டைக் கடக்கும் இடத்தில் 1847-ல் எழுந்த மான் மோ கோயில். கூரையிலிருந்து தொங்கும் சுருள் ஊதுபத்திகள் நாள்கணக்கில் எரிகின்றன. சாம்பல் தோளில் விழுகிறது. நமக்கு மலைப்படி என்றால் உச்சியில் சாமி இருக்கும். ஏறி முடித்தவருக்குத் தரிசனம். இங்கே சாமி நடுவழியில் இருக்கிறார். மீன் வாங்கப் போகிறவர் பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுகிறார், மேலே நடக்கிறார். இன்னும் ஏறினால் பிரிட்ஜஸ் தெருவில் 1918-ல் கட்டிய செங்கல் ஒய்.எம்.சி.ஏ.; எழுத்தாளர் லூ ஷுன் 1927-ல் வந்து உரையாற்றிய கட்டடம்.

இங்கே ஒரு வரலாற்று ஆட்சேபம் எழும். இந்தப் படிகளின் பழைய புகைப்படங்களில் இருப்பவர்கள் பல்லக்கு சுமக்கும் கூலிகள், தண்ணீரும் கரியும் காவடி கட்டித் தூக்குகிறவர்கள். மேலே குளிர்ந்த காற்றில் வெள்ளைக்காரர்கள், கீழே நெரிசலில் சீனர்கள். 1904-ல் வந்த சட்டம் சிகரப் பகுதியில் சீனர்கள் குடியிருப்பதையே தடுத்தது. 1946-ல்தான் அது நீங்கியது. அப்படியிருக்க, படிக்கட்டை எல்லோருக்கும் பொதுவான தெரு என்று போற்றுவது சுமந்தவர்களின் முதுகை மறப்பதாகாதா? மறக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் கொடுமையைச் செய்தது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். யார் எங்கே வசிக்கலாம் என்பதைச் சட்டம் தீர்மானித்தது. 1888-ல் வந்த பீக் டிராமில் முன்வரிசை இருக்கை கவர்னருக்கென்று பல ஆண்டுகள் ஒதுக்கியே வைக்கப்பட்டது. படியில் ஒதுக்கீடு இல்லை. அன்றும் கூலி அதில் உட்கார்ந்து சோறு தின்றான். இன்று விடுமுறை நாளில் வீட்டுப் பணிப்பெண்கள் சென்ட்ரலின் படிகளிலும் நடைமேம்பாலங்களிலும் அட்டை விரித்து உட்கார்ந்து தம் ஊர்ச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறார்கள். காசு கொடுக்காமல் உட்கார இந்த ஊரில் வேறு இடம் அதிகம் இல்லை.

பவுண்ட் லேன்

லேடர் தெருவுக்கு மேற்கே தாய் பிங் ஷான். 1894-ல் பிளேக் இந்தப் பகுதியைத்தான் மிக மோசமாகத் தாக்கியது. அந்த ஆண்டே அலெக்சாந்தர் யெர்சின் பிளேக் கிருமியை இங்கே, ஹாங்காங்கில், அடையாளம் கண்டார். நெரிசலான வீடுகளை அரசு இடித்துத் தள்ளியது. அந்த இடத்தில் வந்தது பிளேக் கார்டன். பூங்காவுக்குப் பெயர் தந்தவர் பின்னர் கவர்னராக வந்த ஹென்றி பிளேக்; நோய்க்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை. பூங்காவின் ஓரமாக ஏறும் படிவழி பவுண்ட் லேன். வீட்டில் குளிக்க வசதியில்லாத மக்களுக்காக 1904-ல் இங்கே பொதுக் குளியலறை கட்டினார்கள். இன்றும் அதே இடத்தில் பொதுக் குளியலறை இயங்குகிறது. கருங்கல் தடுப்புச் சுவரின் இடுக்குகளில் ஆலமர வகை மரங்கள் வேரூன்றி, கல்லை வலைபோலப் பின்னிக்கொண்டு நிற்கின்றன. யாரும் நட்டதில்லை, பறவை போட்ட விதை. காரை பூசாமல் அடுக்கிய பழைய சுவர் மூச்சு விட்டதால் மரம் பிழைத்தது. தீவு முழுவதும் இப்படிச் சுவர் மரங்கள் ஆயிரத்துக்கும் மேல்.

2010-ல் அரசு மலைச்சரிவு எஸ்கலேட்டர், லிஃப்ட் திட்டங்களுக்காக 18 இடங்களை மதிப்பிட்டு வரிசைப்படுத்தியது. பவுண்ட் லேனும் அதில் ஒன்று. சில ஆண்டுகளில் சாத்தியக்கூறு ஆய்வு தொடங்கியபோது வட்டாரம் இரண்டாகப் பிரிந்தது. மேலே இருப்பவர்களில் பலர் வேண்டும் என்றார்கள். கீழே இருந்தவர்களில் பலர் மரம் போகும், வாடகை ஏறும், சோஹோ இங்கேயும் வந்துவிடும் என்று எதிர்த்தார்கள். ஆண்டுகள் ஓடியும் எஸ்கலேட்டர் கட்டப்படவில்லை.

எதிர்த்தவர்கள் சரி என்பதே என் தீர்ப்பு. ஆனால் அதற்கு முன் வேண்டும் என்றவர்களின் நியாயத்தை முழுமையாகக் கேட்க வேண்டும். ஹாங்காங் வேகமாக முதுமை அடையும் ஊர். எண்பது வயதில் முழங்கால் வலியோடு, லிஃப்ட் இல்லாத டோங் லாவில் நாலாவது மாடியில் வாழ்கிறவருக்கு வாசலில் இருக்கும் நூறு படி ஒரு சிறைச் சுவர். சக்கர நாற்காலிக்காரருக்கு அதுவும் இல்லை, வழியே இல்லை. படிக்கட்டு அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து, ஒருமுறை ஏறி, படம் எடுத்துவிட்டுப் போகிறவர்கள். இந்தக் கடைசி வாக்கியம் இந்தக் கட்டுரைக்கும் பொருந்தும். அதனாலேயே பதில் கவனமாக வர வேண்டும்.

பதில் இரண்டு. முதலாவது, சக்கர நாற்காலிக்கு எஸ்கலேட்டர் உதவாது. கைத்தடியோடு நடப்பவருக்கும் ஓடும் படியில் கால் வைப்பது பயம். ஏற முடியாதவர்களின் பெயரால் முன்வைக்கப்படும் எந்திரம், அவர்களில் மிகவும் தேவையுள்ளவர்களுக்கே பயன்படாது. வேகமாக நடக்கத் தெரிந்தவர்களை இன்னும் வேகமாக்கும். ஏற முடியாதவர்களுக்கு வேண்டியது லிஃப்ட். இரண்டாவது, லிஃப்டுக்குச் சில சதுர மீட்டர் நிலம் போதும். படிக்கட்டின் முழு நீளத்தையும் அகலத்தையும் அது கேட்காது. எஸ்கலேட்டர் கேட்கும்: தூண், கூரை, விளக்கு, பராமரிப்பு அறை என்று தெருவின் மேல் இன்னொரு தெருவாக உட்கார்ந்து கீழே இருப்பதை இருட்டாக்கிவிடும். பழனியில் வின்ச் வந்தது, ரோப் கார் வந்தது. இரண்டும் ஏற முடியாதவர்களைச் சாமியிடம் கொண்டுபோகின்றன; படிப்பாதையைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் அவற்றை வைக்க யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்தில் வைப்பதும் இடத்தில் வைப்பதும் ஒன்றல்ல என்பது நமக்குத் தெரிந்த விஷயம்தான்.

சாய் யிங் புன்

ஹாங்காங்குக்கும் இது தெரியாததன்று என்பதை மேற்கே போனால் பார்க்கலாம். 2014 டிசம்பரில் திறந்த ஹாங்காங் பல்கலைக்கழக மெட்ரோ நிலையம் மலைக்குள் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கீழ்ச் சாலைப் பக்கம் நுழைந்து, பெரிய லிஃப்ட்களில் ஏறி, மேலே பல்கலைக்கழக வாசலில் வெளியே வரலாம். 2015 மார்ச்சில் திறந்த சாய் யிங் புன் நிலையமும் மலையின் மேல்மட்டமான போனம் ரோட்டுக்கு ஒரு வாசல் வைத்திருக்கிறது. மேலே இருக்கும் படித்தெருக்கள் எதையும் இதற்காக மூட வேண்டியிருக்கவில்லை. கென்னடி டவுனில் சுவர் மரங்களைக் காப்பாற்ற நிலையத்தின் வடிவமைப்பையே மாற்றினார்கள். 2012-ல் தொடங்கிய அனைவருக்குமான அணுகல் திட்டத்தில் நடைமேம்பாலங்களுக்கும் உயர் நடைபாதைகளுக்கும் லிஃப்ட் பொருத்திக்கொண்டே வருகிறார்கள். மாடம் மாடமாகச் சரிவில் அடுக்கிய ஊருக்கு இது பொருத்தமான வழி.

இதே சாய் யிங் புன்னில் எதிர்ச் சான்றும் உண்டு. 2015 ஜூலையில் போனம் ரோட்டில் ஒரு சுவர் மரம் சாய்ந்தது. அடுத்த மாதமே, மீதி நின்ற நான்கு ஆலமரங்களையும் நெடுஞ்சாலைத் துறை ஓர் இரவில் வெட்டிச் சாய்த்தது. ஆபத்து என்றார்கள். ஆபத்தைச் சும்மா சொல்லும் ஊர் இல்லை இது: 1972 ஜூன் மழையில் மிட்-லெவல்ஸில் மலை சரிந்து 67 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அறுபதாயிரம் அளவிலான செயற்கைச் சரிவுகளுக்கும் எண் கொடுத்துப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். படிக்கட்டு ஓரச் சுவர்களில் அந்த எண்பலகையைப் பார்க்கலாம். இவ்வளவு நுணுக்கமாகச் சுவரைக் கணக்கெடுக்கத் தெரிந்த நிர்வாகம், மரத்தைத் தாங்கி நிறுத்தும் வழியையும் யோசித்திருக்க முடியும். அந்தச் சுவரின் அடியில் பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் நிழலை இழந்தார்கள்.

ஹாங்காங்குக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் பீக் டிராம், டிஸ்னிலேண்ட், கவுலூன் கடைத்தெரு என்று முடித்துவிடுகிறார்கள். ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, பாட்டிஞ்சர் தெருவில் தொடங்கி ஹாலிவுட் ரோடு வழியாகப் பவுண்ட் லேன் வரை நடந்து பாருங்கள். நவம்பர், டிசம்பர் மாதங்களில் வெயிலும் மழையும் குறைவு. பீல் தெரு முனையில் கரும்புச்சாறு கிடைக்கும். கடைக்காரரிடம் ஒரு முழம் ரிப்பனாவது வாங்குங்கள். குடியிருப்பவர்களின் வாசற்படியில் நின்று உரக்கப் பேசாதீர்கள், உலர்த்திய துணியைப் படம் எடுக்காதீர்கள். உடன் வருகிறவருக்கு முழங்கால் வலி இருந்தால் மெட்ரோ லிஃப்ட்டில் போனம் ரோட்டுக்கு ஏறி, அங்கிருந்து இறக்கத்தில் மெதுவாக நடக்கலாம்.